பூட்டு, சீட்டு, ஏடு: தோட்ட மருந்தறை முதல் முதியோர் இல்லம் வரை

மருந்து என்றவுடன் அது எந்த நோய்க்கு, எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் கேட்கிறோம். அந்த மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் மருந்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நோயால் நேர்ந்த சாவுகளுக்கு நடுவே, மருந்தை வைத்த இடம் தவறியதால் நேர்ந்த சாவுகளையும் காண்கிறோம். நம் நாட்டில் முதியோர் இல்லங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்தச் செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நெகிரி செம்பிலானில் கோலா பிலா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களை நடுவில் வைத்து, மருந்தைப் பாதுகாத்த கதையை இன்று காண்போம்.

ஒரு பீப்பாயின் பாடம்

இந்தக் கதை நம் நாட்டில் தொடங்கவில்லை. 1858ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்தில் பிராட்போர்டு என்னும் நகரம். அங்கே மிட்டாய் செய்யும் ஒருவர், சர்க்கரையின் விலை அதிகம் என்பதால் அதனோடு கலப்பதற்கு ஒருவகை வெண்ணிறச் சுண்ணப்பொடியை மருந்துக் கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். அவருடைய உதவியாளர், மூலையில் இருந்த பீப்பாயிலிருந்து பொடியை அள்ளிக் கொடுத்தார். அந்தப் பீப்பாயில் இருந்தது சுண்ணப்பொடியன்று, வெள்ளைப் பாஷாணம். அதுவும் வெண்மைதான், இதுவும் வெண்மைதான். அந்த மிட்டாயைத் தின்றவர்களில் 20 பேர் அளவில் இறந்தனர். ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர்.

அந்த உதவியாளரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நஞ்சும் நஞ்சல்லாததும் ஒரே அறையில் இருந்தன. பீப்பாயின்மேல் தெளிவான பெயர் இல்லை. பொறுப்பாளர் அருகில் இல்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தே அத்தனை உயிர்களைக் குடித்தன. 1868ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட மருந்தகச் சட்டத்திற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுகோலாயிற்று. நஞ்சு விற்பவர் அதன்மேல் பெயரையும், நஞ்சு என்னும் சொல்லையும், தம் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இரவில் விளக்கு மங்கலாக எரியும்போதும் கை தொட்டவுடன் தெரியும்படி, வரிவரியாகப் புடைத்த நீல நிறப் புட்டிகளில் நஞ்சை வைக்கும் வழக்கமும் பரவியது.

பூட்டு, சீட்டு, ஏடு என்று இந்த ஏற்பாட்டை நாம் மூன்று சொற்களில் அடக்கலாம். தனியே பூட்டி வைப்பது ஒன்று. மேலே பெயர்ச்சீட்டு ஒட்டுவது இரண்டு. வந்ததையும் போனதையும் ஏட்டில் எழுதுவது மூன்று. இவை மூன்றும் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன.

பெரட்டுக் களத்தில் குயினைன்

சிரம்பானிலிருந்து கிழக்கே புக்கிட் புத்துஸ் கணவாயைக் கடந்தால் கோலா பிலா. மலைகளும் ஓடைகளும் நிறைந்த வட்டாரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களை எதிர்கொண்ட முதற்பகைவன் மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா.

1901ஆம் ஆண்டு முதல் கிள்ளான் வட்டாரத்தில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், ஓர் உண்மையைக் கண்டறிந்தார். தாழ்ந்த சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் காய்ச்சல் குறைகிறது. மலைப்பாங்கான நிலத்தில் காட்டை வெட்டினாலோ காய்ச்சல் கூடுகிறது. நிழல் நீங்கிய தெளிந்த ஓடைகளிலேயே அங்குள்ள கொசு வளர்கிறது என்பது அதற்குக் காரணம். மேடும் பள்ளமுமான நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காய்ச்சல் ஏன் அவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதற்கு இது விடை தருகிறது.

காய்ச்சலுக்கு அன்று இருந்த மருந்து குயினைன். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்தில், நீலகிரி மலையிலும் 1860ஆம் ஆண்டுகளில் இந்த மரம் பயிரிடப்பட்டது. ஆயினும் பிற்காலத்தில் உலகுக்கு வேண்டிய குயினைனில் பெரும்பகுதி ஜாவாத் தீவிலிருந்தே கிடைத்தது.

விடியுமுன்னே தொழிலாளர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், பல தோட்டங்களில் குயினைன் கொடுக்கப்பட்டது. ஒருவர் முன்னிலையில் விழுங்க வேண்டும். கசப்புத் தாங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு பின்னால் துப்புகிறவர்கள் எங்கும் உண்டு. அதனால்தான் அந்தக் கண்காணிப்பு. இங்கே ஒரு செய்தியை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். குயினைன் அளவு மிஞ்சினால் காதையும் கண்ணையும் இதயத்தையும் தாக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் மாறும். ஆகவே அதை லயத்து வீடுகளில் மொத்தமாகக் கொடுத்துவைக்க முடியாது. இருண்ட நிறப் புட்டியில், பூட்டிய அலமாரியில், ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டிய மருந்து அது. அந்த ஒருவர்தான் டிரெசர்.

டிரெசரின் அலமாரி

தோட்டத்தில் மருத்துவமனையும் மருந்தும் ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை என்று அன்றைய தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. மருத்துவர் குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாள்களில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் டிரெசரே கதி. தோட்ட மக்கள் அவரை ‘டிரெசர் ஐயா’ என்று மரியாதையாக அழைத்தார்கள். துரையின் அலுவலகத்தில் கிராணிக்கு என்ன இடமோ, மருந்தறையில் அவருக்கு அந்த இடம்.

அந்த மருந்தறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வயிற்று வலிக்கு மிக்ஸ்சர், பேதிக்கு எப்சம் உப்பும் விளக்கெண்ணெயும், புண்ணுக்கு டிங்ச்சர் அயோடினும் ஜென்ஷியன் வயலட்டும், தலைவலிக்கு மாத்திரை. உள்ளே குடிப்பதும் உண்டு. வெளியே பூசுவதும் உண்டு. இரண்டும் நீர்மந்தான். இரண்டும் புட்டியில்தான். மாறிப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் குடிக்கும் மருந்து ஒரு தட்டிலும் பூசும் மருந்து மற்றொரு தட்டிலும் வைப்பதும், பூசும் மருந்துக்குத் தனிச் சீட்டு ஒட்டுவதும் அந்தத் தொழிலின் முதற்பாடமாயின. வீரியமான மருந்துகளுக்கு உட்பூட்டு. சாவி இருப்பது ஒருவரிடம்.

மருந்தறைக்கு வெளியே தோட்டத்தில் வேறு நஞ்சுகளும் இருந்தன. பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் ஒன்று. அதை மக்கள் ஆசிட் என்பார்கள். லாலாங் புல்லைக் கொல்லத் தெளித்த சோடியம் ஆர்சனைட் மற்றொன்று. அதுவும் பாஷாணத்தின் இனமே. பிராட்போர்டில் மிட்டாயில் கலந்த அதே நஞ்சின் உறவு, வேறு வடிவில் நம் தோட்டத்துச் சாமான் கொட்டகையில் நின்றது. ஆடுமாடுகளும் ஆட்களும் அதனால் மாண்டதுண்டு.

டிரெசரின் அலமாரியை நாம் புகழ்ந்து மட்டும் பேசக் கூடாது. அந்தப் பூட்டில் ஒரு குறையும் இருந்தது. மருந்து என்ன, எதற்கு என்று விழுங்குபவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. வாயைத் திற, விழுங்கு, வேலைக்குப் போ என்பதே பெரட்டுக் களத்தின் முறை. மருந்தைப் பற்றிய அறிவும் மருந்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தது. இதன் விளைவு பின்னால் தெரிந்தது.

மருந்து இல்லாத ஆண்டுகள்

1942ஆம் ஆண்டு ஜப்பானியர் மலாயாவையும் ஜாவாவையும் கைப்பற்றினர். ஜாவாவின் குயினைன் அவர்கள் கைக்குப் போயிற்று. அலமாரி இருந்தது; பூட்டு இருந்தது; உள்ளே மருந்து இல்லை.

மருந்தில்லாத தோட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு, அன்று கோலா பிலா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகாவ் ஒரு சான்று. 1943ஆம் ஆண்டின் இறுதி முதல், சிங்கப்பூரிலிருந்து யுரேசியர்களும் சீனக் கத்தோலிக்கரும் அங்கே குடியேற்றப்பட்டனர். காட்டை வெட்டிப் பயிர்செய்து பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தில் வாழ்ந்த அவர்கள் மலேரியாவுக்கு இரையாயினர். அவர்களுடன் சென்ற ஆயர் தேவால்ஸ், காலில் பட்ட காயம் வழியே வந்த இசிவு நோயால் 1945இல் இறந்தார். ஓர் ஊசி மருந்து தக்க நேரத்தில் கிடைப்பதும் கிடைக்காததும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தொலைவு என்பதை இதைவிட என்ன சொல்ல வேண்டும்? அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலாலும் காலராவாலும் மாண்டதை நாம் மறக்க இயலாது.

ஆகவே பாதுகாப்பு என்பது பூட்டி வைப்பது மட்டுமன்று. வேண்டிய மருந்து வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டுவதும் பாதுகாப்பே.

சட்டங்களும் சோடாப் புட்டிகளும்

போருக்குப் பின் சட்டங்கள் செம்மைப்பட்டன. 1952ஆம் ஆண்டில் நச்சுப் பொருள் சட்டமும், அபாயகரமான போதைமருந்துச் சட்டமும் வந்தன. நச்சுத்தன்மையுள்ள மருந்துகளை எப்படிக் கட்டுவது, எப்படிச் சீட்டு ஒட்டுவது, எப்படி வைப்பது என்பன சட்டத்தில் இடம்பெற்றன. 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. டிரெசர் ஐயாவின் பொறுப்புக்கு அரசின் முத்திரை கிடைத்தது.

ஆனால் காலம் வேறொரு பக்கம் திரும்பியது. 1950ஆம், 60ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டு போட்டு விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின, லயங்கள் வெறிச்சோடின. தோட்டத்தோடு மருந்தறையும் போயிற்று. மருந்து மட்டும் போகவில்லை. அது டிரெசரின் அலமாரியிலிருந்து இறங்கி நம் வீட்டுச் சாமி மேடைக்கும் சமையலறைத் தட்டுக்கும் வந்து சேர்ந்தது. பூட்டும் சீட்டும் ஏடும் அதனுடன் வரவில்லை.

இதன் கொடுமையைப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி காட்டியது. 1960ஆம் ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்த இந்த நஞ்சு, குளிர்பானம்போல் பழுப்பு நிறமாக இருந்தது. மிச்சமானதைக் காலிச் சோடாப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைப்பவர்கள் இருந்தார்கள். தாகத்தில் எடுத்துக் குடித்தவர்கள் மாண்டார்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலை அழிக்கும் நஞ்சு அது. மாற்று மருந்து கிடையாது. பின்னர் அதனோடு நீலச் சாயமும் கெட்ட வாடையும் வாந்தி உண்டாக்கும் பொருளும் கலந்தனர். நம் அரசு 2002இல் அதைத் தடை செய்தது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. இறுதியில் 2020ஆம் ஆண்டு தொடக்கம் முற்றாகத் தடை செய்தது. பிராட்போர்டின் பீப்பாயும் தோட்டத்துச் சோடாப் புட்டியும் நமக்குச் சொல்வது ஒன்றே: ஒரு பொருளை அதன் சொந்தப் புட்டியிலிருந்து மாற்றாதே.

முதியோர் இல்லத்து அலமாரி

பெரட்டுக் களத்தில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளுடன் பட்டணத்து அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். சிலர் இல்லங்களில் இருக்கிறார்கள். சமூகநலத் துறை நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் இல்லம் ஒன்று சிரம்பானில் இருக்கிறது. தனியார் நடத்தும் இல்லங்களும் உள. தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமும், செவிலியர் துணையுடன் நோயாளரைப் பராமரிக்கும் இல்லங்களுக்கு 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டன. 2018இல் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது.

தோட்ட டிரெசர் ஒரே குயினைனை நூறு பேருக்குக் கொடுத்தார். முதியோர் இல்லத்தில் இருபது பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு மருந்து. நீரிழிவுக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று. எல்லாம் சிறிய வெண்ணிற மாத்திரைகள். ஒருவருக்கு உயிர் தருவது அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு மயக்கம் தரும். இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 முதியவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பத்தில் ஏழு பேருக்கு மருந்தில் ஏதேனும் ஒரு பிழை நேர்ந்திருந்ததைக் காட்டியது. எழுதுவதில், கொடுப்பதில், கவனிப்பதில் என்று பலவகைப் பிழைகள். பெரும்பாலானவற்றால் பெருந்தீங்கு விளையவில்லை என்பது ஆறுதல். செல்வமும் சட்டமும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை என்பதை நாம் எண்ண வேண்டும்.

இனி, பழைய மூன்று சொற்களை இன்றைய இல்லத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது பூட்டு. மருந்து அலமாரி வெயில் படாத, சமையலறைப் புகையும் குளியலறை ஈரமும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் கருதியே இங்கு விற்கும் பல மருந்துகளில் 30 பாகைக்குக் கீழ் வைக்கவும் என்று எழுதப்பட்டிருக்கிறது. மூடிய காரிலும் தகரக் கூரையின் கீழும் வெப்பம் அதை மிஞ்சும். ஆஸ்பிரின் மாத்திரையில் காடி வாடை வீசினால் அது ஈரத்தில் கெட்டுவிட்டது என்று பொருள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஆனால் உறையக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியை ஒட்டி வைப்பதும், கதவுத் தட்டில் வைப்பதும் தவறு. உணவுப் பண்டங்களோடு கலந்து வைக்காமல் அதற்கென ஒரு மூடிய பெட்டி வேண்டும். திறந்த பின் பொதுவாக 4 வாரம் வரை பயன்படும்; எந்த இன்சுலினுக்கு எத்தனை நாள் என்பதை அதன் சீட்டே சொல்லும்.

ஆனால் பகாவ் கற்பித்த பாடத்தையும் இங்கே நினைக்க வேண்டும். நெஞ்சுவலி வரும்போது நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பூட்டிவிட்டுச் சாவிக்காரர் கடைக்குப் போனால் என்ன ஆகும்? அந்த மாத்திரை நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதுவும் அதன் சொந்தக் கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினால் அதன் வீரியம் ஆவியாகப் போய்விடும். ஒவ்வொரு நேர வேலைக்கும் சாவி யாரிடம் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது சீட்டு. மாத்திரையை அதன் உறையிலிருந்து கழற்றிப் பழைய மிட்டாய் டப்பாவில் கொட்டும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஒவ்வொருவர் மருந்தும் அவர் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் இருக்கட்டும். ஒரே பெயரில் இருவர் இருப்பது நம்மிடையே சாதாரணம். இரண்டு முனியம்மாக்கள் இருந்தால் தந்தை பெயரும் அடையாள அட்டை எண்ணும் படமும் சேர வேண்டும். கண்சொட்டு மருந்துப் புட்டியில் திறந்த நாளை எழுதுக. பெரும்பாலானவை திறந்து 4 வாரத்தில் கழிக்க வேண்டியவை. பூசும் மருந்து, குடிக்கும் மருந்தோடு ஒரே தட்டில் இருக்கக் கூடாது. துப்புரவுக்கு வாங்கும் திராவகம் மருந்தறைக்குள் வரவே கூடாது.

மூன்றாவது ஏடு. கொடுத்தவுடன் எழுத வேண்டும். கொடுக்குமுன் எழுதக் கூடாது. மறுத்தால் மறுத்தார் என்று எழுத வேண்டும். ஒருவர் இறந்தாலோ வீடு திரும்பினாலோ, மருத்துவர் மருந்தை மாற்றினாலோ, பழையதை அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்னொருவருக்கு உதவும் என்று சேர்த்து வைப்பது இரக்கம்போல் தோன்றும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மிஞ்சிய மருந்தை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

இம்மூன்றோடு, டிரெசரின் காலத்தில் இல்லாத நான்காவது ஒன்றும் சேர வேண்டும். அதுதான் விளக்கம். இது என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்கும் உரிமை முதியவருக்கு உண்டு. அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். ‘பாட்டி, இது சர்க்கரைக்கு, இது இரத்த அழுத்தத்துக்கு’ என்று நாள்தோறும் சொன்னால், நிறமோ வடிவோ மாறிய நாளில் ‘இது என்னுடையது இல்லையே’ என்று அவரே தடுப்பார். நினைவு தெளிவாக உள்ளவர் தம் மருந்தைத் தாமே பூட்டிய இழுப்பறையில் வைத்துக்கொள்ள விரும்பினால், மருத்துவரைக் கலந்து அதற்கு இடம் கொடுக்கலாம். மருந்துக்குத்தான் பூட்டு, மனிதருக்கு அன்று.

நேயர்களே, பெற்றோரை இல்லத்தில் சேர்க்கச் செல்லும்போது நாம் கட்டிலைப் பார்க்கிறோம், உணவைக் கேட்கிறோம், கட்டணத்தைப் பேசுகிறோம். இனி இன்னும் நான்கு கேள்விகளையும் கேட்போம். மருந்து அலமாரி எங்கே? இரவில் சாவி யாரிடம்? ஏட்டை நாங்கள் பார்க்கலாமா? எங்கள் அம்மாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை அவரிடம் யார் சொல்வார்கள்? நல்ல இல்லம் இக்கேள்விகளுக்கு வருந்தாது. அலமாரியைத் திறந்து காட்டும். வீட்டில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் இதே கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். தோட்டங்கள் மறைந்துவிட்டன, டிரெசர் ஐயாக்களும் மறைந்து வருகிறார்கள். அவர்கள் கையில் இருந்த சாவி இன்று நம் கையில் இருக்கிறது.